வந்தால், வந்தாப்பிறகு

சமாதான காலத்தில் வேலணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஜப்பான் மொழி படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய பெருமை.

அண்ணை கடலுக்குப் போயிருந்த ஒரு காலை, புதிதாகப் படித்த 'தரா' என்ற விகுதியை வைத்துக் குசினி அடுப்படியில் ஜப்பான் மொழியில் ஒரு வசனம் சொன்னேன். அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னேன்: "அண்ணை வந்தால் சாப்பிடுவம்."

"கடலுக்குப் போனவனை 'வந்தால்' எண்டு சொல்லாதை பிள்ளை. 'வந்தாப்பிறகு' எண்டு சொல்லு."

"ஜப்பான்காரருக்கு ரெண்டும் 'தரா'தான் அம்மா," என்று சிரித்தேன்.

அண்ணை வரவில்லை. மூன்றாம் நாள் சாட்டிக் கடற்கரையில் உடல் ஒதுங்கியது.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லி அழுதார்: "அண்ணை வந்தாப்பிறகு சாப்பிடுவம் எண்டு இவள் பாத்துக்கொண்டிருந்தவள்."

அப்படி நான் சொல்லவில்லை என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை.