காலியாக விட்ட கட்டம்

செய்தி வந்தபோது என் செல்போன் லாக்கரில் இருந்தது. ஹெலிகாப்டர்களை நிறுத்தும் ஹாங்கருக்குள் நான் அதை எடுத்துப் போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், அந்துவான் அண்ணனின் மகளிடமிருந்து ஆறு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். "அங்கிள், அப்பா போயிட்டாரு. காலைல காபி குடிச்சிட்டு உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் அரியாங்குப்பம் பாலத்தை எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை.

அவரை நாங்கள் முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுப் பெயர், இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை, எதிலும் ஓர் ஒழுங்கு, பட்டம் ஒட்டிக்கொண்டது. ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் எங்கள் சிறு கம்பெனியில் நான் மெக்கானிக், அவர் இன்ஸ்பெக்டர். வேலைத்தாளில் எனக்கு ஒரு கட்டம், அவருக்கு ஒரு கட்டம். நான் மாட்டியதை அவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். டார்ச் அடித்துக் காட்டினால் வாங்கி அணைத்துவிடுவார். எதிர்ப்பக்கம் போய் விரலால் தடவிப் பார்ப்பார். "கண்ணு நெனச்சதத்தான் பாக்கும் சேகரு. வெரலு இருக்கறதப் பாக்கும்" என்பார். ஒரு நட்டுக்கு இவ்வளவு கொஞ்சலா என்று கிண்டல் செய்வோம்.

வேலையைப் பாதியில் விட்டு நகர்ந்தால் அந்த இடத்தில் சிவப்பு நாடா கட்ட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். ஒரு நாள் நான் கட்டவில்லை. வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் தண்டில் இரண்டு போல்ட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தேன். நட்டை இறுக்கி, அது கழலாமலிருக்க ஸ்பிளிட் பின் செருகி, அந்தப் பின்னின் இரண்டு கால்களையும் மடக்க வேண்டும். ஒன்றை முடித்தேன். திருட்டுத்தனமாகப் பையில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன். "சிலிண்டர் வந்திருக்கு, புக்க எங்க வச்சீங்க?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது நான் மடக்கியிருந்த அந்த ஒரு ஸ்பிளிட் பின் கண்ணில் பட்டது. இரண்டும் முடிந்ததாகவே மனதில் பதிந்துவிட்டது.

மழை கறுத்துக்கொண்டு வந்தது. பைலட் அவசரப்படுத்தினார். "முடிஞ்சுதா?" என்று முசே கேட்டார். "முடிஞ்சுது முசே" என்றேன். பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்த நம்பிக்கை. அன்று மட்டும் விரல் வைக்காமல் கையெழுத்துப் போட்டார். பைலட் அதைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். என் கட்டம் காலியாக இருந்தது. கிரீஸ் கையைக் கழுவிவிட்டுப் போடலாம் என்றிருந்தேன்.

என் கருவித் தட்டைத் துடைக்க எடுத்த முசே, அதில் மடக்காத ஸ்பிளிட் பின் ஒன்று கிடப்பதைப் பார்த்தார். கிளம்பத் தயாரான ஹெலிகாப்டருக்கு முன்னால் ஓடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். நடுவானில் அந்த நட்டு கழன்றிருந்தால் ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றி விழுந்திருக்கும்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். வேலை போய்விடுமே என்று பயந்தேன்; தாளில் என் கட்டமும் காலியாகத்தான் இருந்தது. "நான் முடிஞ்சுதுன்னு சொல்லவே இல்ல சார்" என்றேன். முசே என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "என் கையெழுத்து சார். பாக்காம போட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் பொறுப்பைப் பறித்து, அவரைக் கருவிகள் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள்.

ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார். தினமும் காலையில் என் ஸ்பேனர்களோடு ஒரு சிவப்பு நாடாவையும் சேர்த்துத் தருவார். "பாதில போனா கட்டிட்டுப் போ" என்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் கோபமே இருந்ததில்லை. இன்றும் எந்த போல்ட்டைத் தொட்டாலும், எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் விரல் வந்து என் விரலில் முட்டும் என்று தோன்றுகிறது. சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறேன்.

அடக்கத்தில் நம் கம்பெனி நண்பர் ஒருவர், "தங்கமான மனுஷன். ஒரே ஒரு தடவ அவசரப்பட்டாரு, பேரு கெட்டுப்போச்சு" என்றார். இதைப் படிக்கும் நீங்கள் பலரும் அங்கே தலையசைத்தீர்கள். அவர் மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

முசே தந்த நாடாக்களில் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். எனக்காக அவர் சுமந்த பழியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவரை அறிந்த எல்லோருக்கும், முதலில் அவர் மகளுக்குச் சொல்கிறேன்: அன்று "முடிஞ்சுது" என்று சொன்னவன் நான்தான். எழுதியதை வரிவரியாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டேன். காலியாக விட்ட கட்டத்தில் இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

சேகர், மெக்கானிக்