பந்து போட்டவள்

நல்லெண்ணெய் பூசி வெயிலில காயவைச்ச மூங்கில் தடிக்கு ஒரு மணம் இருக்கு. கையில ஏறினா சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. மத்தியானம் சோறு பிசையேக்கயும் மணக்கும். தடியால பந்தடிக்கிற எல்லே விளையாடினாக்களுக்குத் தெரியும்...

யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கட தீவில மூங்கில் ஏது? பூவரசங் கம்பைச் சீவித்தான் பள்ளிக்கூடத்தில அடிச்சுக்கொண்டிருந்தனாங்கள். உள்ளங்கை கொப்பளிச்சுப் போகும். பத்தாம் வகுப்பிலதான் கரம்பொன்னில இருந்து வாற வாசுகி ஒரு மூங்கில் தடி கொண்டு வந்தாள். அவளின்ர அப்பா மலைநாட்டில, பதுளையில கடை வைச்சிருந்தவர். மகள் கேட்டாள் எண்டு அங்க வெட்டி, சாக்கில சுத்தி, அவ்வளவு தூரமும் காவிக்கொண்டு வந்தவர்.

தடி அவளின்ர. அடிச்சது நான்.

விளையாட்டுத் தெரியாதவைக்கு ஒண்டு சொல்லவேணும். எல்லேயில பந்து போடுறது எதிர்ப்பக்கம் இல்லை, எங்கட பக்கத்து ஆள்தான். ஒருத்தருக்கு மூண்டு பந்து. அதுக்குள்ள அடிச்சுப்போட்டு ஓடவேணும். எனக்கு எப்பவும் வாசுகிதான் போடுறவள். என்ர இடுப்புக்குக் கொஞ்சம் மேல, வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி... ஒவ்வொரு முறையும் அதே இடம். நான் கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் பட்டிருக்கும். பந்து போய்ப் பனை வடலிக்குள்ள விழும், எல்லாரும் எனக்குக் கைதட்டுவினம்.

பள்ளிக்கூடத்தில அப்ப பெரிய வாக்குவாதம். அது தடியின்ர கெட்டித்தனம் எண்டு பாதிப்பேர், இல்லை என்ர கை எண்டு பாதிப்பேர். எனக்கு ரெண்டாவது கட்சியைத்தான் பிடிக்கும், சொல்லத் தேவையில்லை. பந்து போட்டவளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. நானும் கதைக்கேல்ல.

வாசுகியின்ர பேர் பட்டியலில எப்பவும் கடைசி. அவளின்ர முறை வர முதல் நேரம் முடிஞ்சிடும். தடியைக் கொண்டு வந்தவள் அந்தத் தடியால ஒரு போட்டியிலயும் அடிக்கேல்ல. அதுக்கு அவள் ஒரு நாளும் மூஞ்சையை நீட்டினதும் இல்லை.

பதினோராம் வகுப்பில வலயப் போட்டி. வேலணையில இறுதி ஆட்டம். அண்டைக்குத்தான் அவளின்ர முறை வந்தது. ஒரு ஓட்டம் எடுத்தாச் சமன், கொஞ்ச நேரம்தான் கிடக்கு. அவளுக்கு ஆர் பந்து போடுறது எண்டு விளையாட்டுச் சேர் கேட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லை, என்னைத்தான் காட்டினாள்.

"நீ போடடி. உனக்குத்தானே தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? நான் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் பந்து போட்டதில்லை. வாங்கி வாங்கிப் பழகின ஆள்.

முதல் பந்து அவளின்ர தலைக்கு மேலால போச்சு. ரெண்டாவது காலடியில விழுந்தது. மூண்டாவது... எங்கயோ அகலப் போச்சு. அவள் பாவம், எட்டி எட்டி வீசினாள். படேல்ல. ஆட்டம் முடிஞ்சுது. ஒரு ஓட்டத்தால தோத்தம்.

திரும்பி வரேக்க பஸ்ஸில ஒருத்தி சொன்னாள், "தடி நல்லதா இருந்து என்ன, கை வேணுமே." எல்லாரும் சிரிச்சினம்.

நானும் சிரிச்சனான். சொல்ல வெக்கமாக் கிடக்கு, ஆனா சிரிச்சனான். பந்து நான் பிழையாப் போட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அவள் சிரிச்சாக்களோட சேர்ந்து தானும் சிரிச்சுப்போட்டு யன்னலுக்கு வெளியால பார்த்துக்கொண்டு வந்தாள்.

சோதினை முடிஞ்ச கையோட அவையள் குடும்பமாக் கனடாவுக்குப் போட்டினம். தடியை என்னட்டத் தந்திட்டுப் போனாள். உயர்தரம் படிக்கேக்க அதே தடியோட, அதே கையோட போய் நிண்டனான். வேற பிள்ளை பந்து போட்டாள். எனக்கு ஒண்டும் படேல்ல. அப்பத்தான் எனக்கு வடிவா விளங்கினது... அதையும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல.

இப்ப யாழ்ப்பாணக் கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில வேலை. காலமை பஸ், பின்னேரம் பஸ். முழங்கால் நோ. போன கிழமை, கால் கடுக்க நிண்டுகொண்டு வரேக்க எங்கட பழைய மாணவர் வட்ஸ்அப் குறூப்பைப் பார்த்தன். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நல்ல தடி வாங்கிக் குடுப்பம் எண்டு ஒருத்தர் தொடங்க, தடி முக்கியமோ பயிற்சி முக்கியமோ எண்டு நூறு மெசேஜ். சண்டைக்கு மட்டும் எங்கட சனத்துக்குக் களைப்பே வராது.

அதுக்குள்ள வாசுகியும் எழுதியிருந்தாள்.

"தடியில ஒண்டும் இல்லை. கைதான். என்னட்ட எவ்வளவு நல்ல தடி இருந்தது, எனக்கு அடிக்க வந்ததே?" பக்கத்தில சிரிக்கிற பொம்மை ஒண்டு.

இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. அவள் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸுக்குள்ள நிண்டபடியே அவளுக்குத் தனிய எழுதினன். பிழை உன்ர கையில இல்லையடி, என்ர கையில. மூண்டு பந்தும் நான்தான் பிழையாப் போட்டனான், அண்டைக்கே எனக்குத் தெரியும் எண்டு.

அடுத்த நாள்தான் பதில் வந்தது. ஏசினாக்கூட ஆறுதலா இருந்திருக்கும்.

"ஓ, அப்பிடியே? மகள் இங்க பள்ளிக்கூடத்தில சொஃப்ட்போல், எங்கட எல்லே மாதிரி ஒண்டு, சேரப்போறன் எண்டு கேட்டவள். எங்கட பரம்பரைக்கே கை சரியில்லை பிள்ளை எண்டு நான்தான் மறிச்சுப்போட்டன். இப்ப அவள் யூனிவர்சிற்றிக்கும் போட்டாள்."

அதைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். அண்டைக்கு பஸ்ஸில அவள் எனக்கு முன் சீற்றிலதான் இருந்தவள். ஒரு சொல்லுப் போதும். இப்ப இவ்வளவு எழுதியும் போதாமக் கிடக்கு.