ஒரே தடத்தில் ஓடிய டிரெய்லர்

வெள்ளாயணிப் பக்கம் ஜெயஷீலா குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் தண்ணீர் இருந்தது, வெயில் இருந்தது. கழக்கூட்டத்தில் கம்பெனி பஸ் ஓட்டும் கணவன் செல்வினின் முணுமுணுப்பும் இருந்தது. விளைச்சல் மட்டும் இல்லை. மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாணுக்குக் கீழே ‘ணங்’ என்றது. டிராக்டர் ஒரு வழி, டிரெய்லர் இன்னொரு வழி என்று சக்கரம் ஏறி ஏறி மண் பாறையாகியிருந்தது.

பயிற்சி வகுப்பு ஒன்றில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. சக்கரங்கள் எப்போதும் ஒரே தடத்தில் ஓடினால் மற்ற மண் பொலபொலவென்று கிடக்கும். அதற்கு டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் சக்கர இடைவெளி ஒன்றாக இருக்கவேண்டும். அவளிடம் இருந்தவையோ ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி.

“அப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்?” என்றான் செல்வின்.

“செய்யுறவங்ககிட்டயே போய்க் கேக்கேன்.”

டிராக்டர் ஓட்டும் ராஜமணியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். கோயம்புத்தூரில் முதலில் நுழைந்த தொழிற்சாலையில் விற்பனையாளர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாவற்றையும் ராஜமணிக்கே விளக்கினார். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சாரே, வாங்குறது அக்காவாக்கும். எங்கிட்ட சொல்லி என்ன பலன்?” என்றான்.

அங்கிருந்து புனேவுக்குப் போனார்கள். அங்கே ஒரு கம்பெனி அவள் நினைத்ததை அப்படியே செய்து வைத்திருந்தது. ஆனால் வண்டி யானை மாதிரி நின்றது. “இத நம்ம தோட்டத்துல திருப்பணும்னா பக்கத்து வீட்டு அடுக்களைக்குள்ள போயிட்டுத்தான் வரணும்” என்றான் ராஜமணி. ஜெயஷீலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் குனிந்தாள். குழாய்க்குள் குழாயாக அச்சு. வேண்டிய அகலத்துக்கு நீட்டிப் பூட்டலாம். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மறுபடி கோயம்புத்தூரில் இறங்கி, விஷ்ணுப்ரியா என்ற இன்ஜினியர் நடத்தும் சின்ன டிரெய்லர் பட்டறைக்குப் போனாள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள் விஷ்ணுப்ரியா.

“நீட்டலாங்க்கா. ஆனா லோடு ஏத்துனா வளைஞ்சிரும். குழாய் கனமா போடணுங்க.”

“போடும்மா. டயரை ஒடுக்கமா வச்சிரு. தடம் குறைஞ்சா எனக்குப் பாத்தி கூடும்.”

இருவரும் தரையில் சாக்குக்கட்டியால் போட்டும் அழித்தும் பேசினார்கள். டீ ஆறிப்போனது. அடுத்த மாதம் பட்டறையின் ஈரமண் முற்றத்தில் டிராக்டர் ஓட, பின்னால் வந்த டிரெய்லரின் டயர் அதன் தடத்தின்மேலேயே பிசகாமல் பதிந்தது. ராஜமணி விசிலடித்தான். விஷ்ணுப்ரியா ஜெயஷீலாவைக் கட்டிக்கொண்டாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் மழை வெளுத்து வாங்கியது. பறிக்காமல் விட்டால் ஓணச் சந்தைக்காகப் போட்டிருந்த பச்சைப் பயற்றங்காய் முற்றிவிடும். பக்கத்துத் தோட்டத்து ஜெயகுமாரின் பிக்கப் பாதிச் சக்கரம் சேற்றில் புதைந்து உறுமியது. ஜெயஷீலா தானே டிராக்டரில் ஏறினாள். மாதக்கணக்கில் ஓடி இறுகிய தடத்தில் டிரெய்லர் வழுக்காமல் உள்ளே போனது. இருபுறமும் பாத்திகள் பஞ்சு மாதிரி, கொடி தெரியாமல் காய்த்த பயறு. முதல் லோடை ரோட்டில் நின்ற டெம்போவில் மாற்றிவிட்டு, ஜெயகுமாரின் வெள்ளரிக்காயையும் சுமந்து வந்து ஏற்றினாள்.

“சேச்சி, இந்த வண்டி செய்த கம்பெனி எவிடயா?” என்று தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான் அவன்.

“நாளைக்கே நம்பர் தாரேன்” என்று மழைக்கு மேலே கத்தினாள் ஜெயஷீலா.

நகரத்துச் சாலைச் சந்தையில் அன்று பயறு வந்தது கொஞ்சம்தான். வியாபாரிகள் டெம்போவைச் சுற்றிக்கொண்டார்கள். லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்த செல்வின், நனைந்த சட்டையோடு மேலே ஏறி நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்: “எம் பெஞ்சாதி தோட்டத்துப் பயறாக்கும்!”