யமுனா முடிந்த கூந்தல்

யமுனா கோபக்காரி, பொய்க்காரி இல்லை. பிச்சாட்டூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போன மாசியில் திருப்பதியில் அவளுக்கு நடந்ததை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுகிறவள் அவள். திருப்பதியில் புதிதாகக் கட்டிய கலையரங்கத்தில் ஆடக் கூப்பிட்டார்கள். ஏசி, சோபா, ரிமோட்டில் ஏறி இறங்கும் சிவப்புத் திரை, எல்லாம் உண்டு. ஆட வந்தவர்களுக்கு மட்டும் இடம் கிடையாது. சிறப்பு விருந்தினர் காபி குடிப்பதற்காக ஒப்பனை அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் குந்தி அரிதாரம் பூசிக்கொண்டாள். கழிப்பறைச் சாவி கேட்டதற்கு மேலாளர் ஹரிபாபு அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்போதே அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கூந்தலை விரித்துப் போட்டுச் சபதம் செய்தாள். அவர்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் விரித்த கூந்தலை மேடையிலேயே முடிந்து, மங்களம் பாடிய பிறகுதான் இறங்க வேண்டும். மீறினால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்பார்கள். வீட்டில் தங்கை சுமித்ராவுக்கு நிறைமாசம்.

பாதிப் பாட்டில் ஹரிபாபு ஓடி வந்தான்.

"ஆபு, ஆபு! நிறுத்து! சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. ஸ்கிரீன் போடுறோம், இறங்கு."

"இன்னும் கடைசிப் படுகளக் கட்டம் பாக்கி கீது சார். கூந்தல முடியணும்."

"சாலும்மா, போதும். சால்வை போடணும், போ!"

திரை விழுந்தது. மற்ற ஆட்டக்காரர்களைப் பக்கவாட்டில் விரட்டினார்கள். ஹரிபாபு சால்வையோடு முன்பக்கம் ஓடினான். திரைக்குப் பின்னால் மிஞ்சியது அவளும் மிருதங்கக்காரர் வேணுவும்தான்.

யமுனா பல்லைக் கடித்தாள். இவன் சால்வைக்காக என் தங்கை சாகணுமா?

"நீ வாசி வேணுண்ணா."

சர்ர்ர்... திரை ஏறியது.

அரங்கம் நிரம்பியிருந்தது. முதலில் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் பார்த்தாள்... சோபாக்களைக் காணோம். எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செல்போன் வெளிச்சம் இல்லை. ஒரு இருமல் இல்லை.

அத்தனை பேரும் பெண்கள்.

அத்தனை பேரும் தலைவிரி கோலம்.

 அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஆடினாள். படுகளம் ஆடி முடித்தாள். கூந்தலை அள்ளினாள்.

எதிரே... எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கலகல... கலகல...

அவள் முடிய முடிய, அவர்களும் தங்கள் கூந்தலை முடிந்தார்கள்.

மங்களம் பாடினாள். திரை இறங்கியது.

ஊர் திரும்பும் வழியில் வடமாலபேட்டையில் டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள்.

"திரைய மறுபடி ஏத்தினது யாருண்ணா?"

வேணு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா சொல்ற? அது ஏறவே இல்லியே. மூடின திரைத் துணியப் பாத்துக்கினு ஆடினே. நீ கோவத்துல ஆடறேன்னு நானும் வாசிச்சேன்."

யமுனா டீயைக் குடிக்காமலே கீழே வைத்தாள். 

மறுநாள் காலை வீட்டில் சுமித்ரா நன்றாகவே இருந்தாள். ஹரிபாபுதான் போனில் கத்தினான். "எத்தன பொம்பளைங்கள ஸ்டேஜ் மேல ஏத்தினே? சார் ஸ்பீச்சே பாழாப் போச்சு!"

"நாங்க ரெண்டே பேரு சார்."

"பொய் சொல்றியா? வீடியோவப் பாரு!"

அனுப்பினான். பார்த்தாள்.

மூடிய திரை. முன்னால் விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னால் அவள் சலங்கை. திடீரென்று...

கலகல... கலகல...

நூற்றுக்கணக்கான வளையல்கள். விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

அன்று யமுனா கையில் ஒரு வளையல்கூட இல்லை.

அடுத்து மங்களம். அவள் தனியாகத்தான் பாடினாள். வேணு வாயே திறக்கவில்லை.

வீடியோவில் அவள் குரல் எது என்றே தெரியவில்லை. ஒரு கூட்டமே பாடுகிறது.