துரைசானியின் தேங்க்யூ

மலாயாவில், குளுவாங் டவுனிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ரப்பர்த் தோட்டத்தில், துரையின் பங்களாவில் அம்மா ஆயா வேலை பார்த்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. தோட்டத்துப் பள்ளி விட்டதும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பங்களாவுக்கு ஓடிவிடுவேன். நான் ஆங்கிலம் படித்தது அங்கேதான். படித்தது ஒரே வார்த்தை.

துரைசானி எதற்கெடுத்தாலும் ‘தேங்க்யூ’ சொல்வாள். தண்ணீர் கொடுத்தால் தேங்க்யூ, கதவைத் திறந்தால் தேங்க்யூ. சூப்பில் உப்பு அதிகம் என்று சமையற்காரரைக் கடிந்துவிட்டு, அந்தக் கோப்பையை அவர் எடுத்துப் போகும்போதும் ஒரு தேங்க்யூ. பந்தைக் கவ்வி வரும் நாய்க்குக்கூட உண்டு. கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் அப்படியொரு வார்த்தை புழக்கத்திலேயே இல்லை. ஒருநாள் கஞ்சி ஊற்றிய அம்மாவிடம் நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். “பெத்தவகிட்ட என்ன பேச்சு இது? குடிச்சிட்டு எந்திரி” என்றாள். அம்மாவுக்கு நாகரிகம் போதாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

துரையின் மகனை நாற்பது நாள் குழந்தையிலிருந்து வளர்த்தவள் அம்மா. அவனுக்கு முதலில் வந்ததே தமிழ்தான். ‘ஆயாம்மா, ஆயாம்மா’ என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவான். ஆறு வயதானதும் அவனைப் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அந்த வாரம் முழுவதும் அம்மா அவனுக்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். ரயில் ஏறும்போது ‘போயிட்டு வரேன் ஆயாம்மா’ என்று சொல்ல வேண்டும், வெறுமனே ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை திரும்பி வந்துவிடுவான் என்று நம்பினாள். பாவம், அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை.

எனக்கோ வெட்கமாக இருந்தது. அத்தனை வெள்ளைக்காரர்கள் நிற்கிற ஸ்டேஷனில் இந்தத் தமிழ் எடுபடுமா? அம்மாவுக்கு ஒரு மரியாதை தேடித்தர வேண்டும் என்று, பையனை ரம்புத்தான் மரத்தடிக்குக் கூட்டிப்போய் வேறு பாடம் நடத்தினேன். என்னையே அம்மாவாக நிறுத்தி நாலு தடவை சொல்ல வைத்தேன்.

“ஆயாம்மாவுக்குப் புடிக்குமா?” என்று கேட்டான். ரொம்பப் பிடிக்கும் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

புறப்படும் நாளில் துரை எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டார். சிங்கப்பூர் ரயில் வந்து நின்றது. அம்மா மண்டியிட்டு அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது. பிறகு மெல்லக் கேட்டாள்.

“என்ன சொல்லணும் கண்ணு?”

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் நிமிர்ந்து நின்று, “தேங்க்யூ வெரி மச், ஆயா” என்றான். ‘ஆயாம்மா’வில் இருந்த ‘அம்மா’வையும் நான்தான் வெட்டியிருந்தேன், ஆங்கிலத்தோடு அது சேராது என்று.

துரைசானி பூரித்துப்போனாள். அம்மா ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றாள்.

“நல்லதுங்க தொரை” என்றாள் அவனிடம்.

ரயில் போய்விட்டது. துரைக்கு டவுனில் வேலை இருந்ததால் நாங்கள் நடந்தே திரும்பினோம். அந்த நாலு மைலும் அம்மா என் கையை விடவேயில்லை, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். பெருமையில்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் வீசி நடந்தேன்.