பெயர் போடாத பதிவு

கதிர்வேலுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. மலைமேல் செம்மேட்டில் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த பிரவுசிங் சென்டரில் அவன்தான் எல்லாம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு தூறல் விழுந்தால் செத்துப்போகும் ஒரு டெலிபோன் லைன். முதலாளி நாமக்கல்லில் இருந்தார். சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத வந்தவரிடம் பேசிக்கொண்டே, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பெண்ணுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பான். நடுவில் வாசலுக்குப் போய் பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பான். அவன் எந்த பஸ்ஸிலும் ஏறப் போவதில்லை. இரண்டு வருஷமாகச் சொந்தமாக ஒரு பழைய மொபெட் வைத்திருந்தான். இருந்தாலும் பார்க்காவிட்டால் அவனுக்கு ஆகாது.

2007-இல் அவனுக்கு இருபத்தாறு வயது. மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள்; வாழவந்தி நாட்டில் நெல்லிக்கரை என்கிற முப்பது வீட்டு ஊர் அவனுடையது. அப்பா அம்மாவுக்குக் குச்சிக்கிழங்குக் காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. அதில் இறங்கப் பிடிக்காமல் பட்டம் வாங்கி, பட்டத்துக்கு வேலை கிடைக்காமல் கம்ப்யூட்டருக்கு வந்தவன். அந்தச் சமயத்தில்தான் தமிழில் வலைப்பதிவு எழுதுகிற காய்ச்சல் மலையேறி வந்தது. யாரையும் கேட்காமல், எந்தப் பத்திரிகை ஆசிரியர் காலிலும் விழாமல், நாம் எழுதியதை உலகமே படிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ‘மலைமேல் ஒருவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு கதிர்வேல் எழுத ஆரம்பித்தான். எழுபது கொண்டை ஊசி வளைவைப் பற்றி எழுதினான். பலாப்பழத்தைப் பற்றி எழுதினான். உலகம் படிக்கவில்லை. சென்னையில் ஒரு நண்பர், துபாயில் ஒரு நண்பர், அப்புறம் அவனே நாலு முறை.

ஒரு சந்தை நாளில் டீக்கடையில் ஆம்லெட்டுக்குக் காத்திருந்தபோது, கடைக்காரர் உடைத்த முட்டையின் ஓட்டில் நீல முத்திரையைப் பார்த்தான். பால்வாடிப் பிள்ளைகளுக்கு வரும் முட்டையில் இருக்கும் முத்திரை அது. “இது எப்படிங்க இங்க?” என்றான். “எல்லாம் நம்ம பால்வாடி அம்மா தயவுதான்” என்று கடைக்காரர் சிரித்தார். எந்த அம்மா, எந்த ஊர் என்று கேட்கவேண்டிய இடம் அதுதான். கதிர்வேலுக்கு அதற்குள் ரத்தம் கொதித்துவிட்டது. ஆம்லெட் வேகும் வரைகூட நிற்காமல் வண்டியை எடுத்தான்.

நாற்பது நிமிஷத்தில் பதிவு தயார். பிள்ளைகளின் வாயில் விழவேண்டிய முட்டை யார் வாயில் விழுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தான். அம்மாவின் பெயர் போடவில்லை. ஊர் போடவில்லை. எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளையைச் சந்தியில் இழுத்து நிறுத்துவது நாகரிகம் இல்லை என்று அவனுக்குப் பட்டது. பெயரே தெரியாது என்பதை மறந்து, அந்த நாகரிகத்தை நினைத்து அவனுக்கே பெருமையாகவும் இருந்தது.

இரண்டு நாளாயிற்று. பதிவுக்குக் கீழே படிக்கிறவர்கள் எழுதும் பின்னூட்டம் ஒன்றுகூட வரவில்லை. கதிர்வேல் கடைக்கும் வாசலுக்கும் நடந்தான். இவ்வளவு பெரிய அநியாயத்தை எழுதியும் நாட்டில் ஒருவனுக்கும் சூடு சுரணை இல்லையா? மூன்றாம் நாள் காலையில் ஒரு காரியம் செய்தான். பெயர் சொல்லாத அனானியாகத் தன் பதிவுக்குத் தானே பின்னூட்டம் போட்டான். “எனக்குத் தெரியும். தினமும் காலை பஸ்ஸில் முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வரும் அம்மாதானே?”

அப்படி யாரையும் அவன் மனதில் வைத்து எழுதவில்லை. முன்சீட்டு, மகாராணி எல்லாம் நேரில் பார்த்தவன் சொல்வதுபோல இருக்கட்டும் என்று சேர்த்தது. பந்தி களைகட்டவில்லை என்றால் வீட்டுக்காரரே முதலில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா, அதுபோலத்தான் என்று நினைத்தான். பஸ்ஸில் போய் இரண்டு வருஷமான அவனுக்கு ஒன்று தெரியாது. நெல்லிக்கரை வழியாகப் போகும் காலை பஸ்ஸில் முன்சீட்டை யாரும் தொடமாட்டார்கள். அது அம்சவேணிக்கு விட்டது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. வளைவுகளில் நிற்க முடியாது என்று கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் அந்தச் சீட்டைக் காலியாக வைத்திருப்பார்கள். போன வருஷம் பக்கத்து ஊருக்குக் குடிபோனதிலிருந்து அந்த பஸ்ஸில் வந்துபோகும் அம்சவேணிதான் நெல்லிக்கரை பால்வாடி அம்மா.

யாரோ பதிவின் சுட்டியை மெயிலில் சுற்றுக்கு விட்டிருக்க வேண்டும்; அன்று மத்தியானமே பின்னூட்டங்கள் வர ஆரம்பித்தன. மலையிலிருந்து கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போன பையன்கள். எல்லாம் அனானிகள். “காலை இழுத்துக்கிட்டே கையை நீட்டுது” என்றான் ஒருவன். சீட்டை யார் பிடித்துவைக்கிறார், எதற்காக என்று கண்டக்டரையும் அவளையும் சேர்த்து இன்னொருவன் எழுதினான். அதற்குக் கீழே எழுதியவற்றை இங்கே எழுத முடியாது. கதிர்வேலுக்கு முதலில் சுருக்கென்றது. அம்சவேணி அக்காவா? அது நம்ம அக்காவாயிற்றே? ஆனால் படித்தவர் எண்ணிக்கை அறுநூறு, எண்ணூறு என்று ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழிப்பதற்குக் கை எழவில்லை.

“பின்னூட்டத்தை அழிக்கட்டுமா?” என்று சென்னை நண்பருக்கு எழுதிக் கேட்டான். “அழித்தால் பயந்துவிட்டாய் என்று அர்த்தம். கருத்துச் சுதந்திரம் என்பது நமக்குப் பிடித்த கருத்துக்கு மட்டுமா? அவரவர் எழுதியதற்கு அவரவர் பொறுப்பு” என்று பதில் வந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. முதல் பின்னூட்டத்தின் அவரவர் யார் என்பதை மட்டும் கதிர்வேல் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் யாரோ அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டு லைன் செத்தது. பால்வாடிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்த இடத்தில் இரண்டு வந்தது. பிள்ளைகள் வராவிட்டால் மேலே கேள்வி வரும், வேலையே போகும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இது காதில் விழுந்ததும் கதிர்வேல் மழையிலேயே வண்டியை எடுத்தான். எழுபது வளைவும் இறங்கி நாமக்கல்லுக்குப் போய், ஒரு பிரவுசிங் கடையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தான். படித்தவர் எண்ணிக்கை ஆயிரத்து எண்ணூறு. அழித்தால் எழுதியவன் பயந்துவிட்டான் என்பார்கள். அழிக்காவிட்டால் அக்கா? எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பக்கத்துப் பையன் “கரண்டு ஷாக் அடிக்குதுங்களா?” என்று கேட்டான். கடைசியில் எதையும் தொடாமல் மலையேறினான். அதற்காக அவன் பின்னாளில் தன்னை மன்னித்ததே இல்லை.

நெல்லிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர்மேல் குறை சொல்லி மொட்டைக் கடிதமே வந்தாலும், அவரை எதிரில் வைத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்தில் அதை முழுக்கப் படித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு சுவரிலிருந்து கிழித்த தாள்களைக் கையில் வைத்திருந்தார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதிர்வேலிடம் நீட்டினார்.

“எழுத்து பொடிசா இருக்குது. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன். படி.”

கதிர்வேல் தாள்களை வாங்கிக்கொண்டான். எதிரில் பாயில் அம்சவேணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் படித்தான். பதிவு மளமளவென்று வந்தது, சொந்த எழுத்தல்லவா. முட்டை முத்திரையைப் பற்றி வந்த இடத்தில் இரண்டு பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள். பிறகு முதல் பின்னூட்டம். ‘மகாராணி’ என்ற சொல்லும் வந்துபோனது. அம்சவேணி தலை குனியவில்லை. அதற்கடுத்ததைப் படித்தான். அதற்கும் அடுத்ததில் கண்டக்டர் பேச்சு வந்தது. முதல் வரியோடு நின்றுவிட்டான். டைப் அடிக்கிறவனுக்கு எதிரில் ஆள் இல்லை. வாயால் சொல்ல வேண்டுமானால் கேட்கிற முகம் எதிரில் இருக்கிறது.

“படி கண்ணு” என்றாள் அம்சவேணி. “நின்னுட்டீன்னா இதுக்கு மேல இன்னும் என்னென்னமோ இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. ஊரு பூராப் படிச்சாச்சு. நான் ஒருத்திதான் இன்னும் கேக்கலை.”

படித்தான். அந்த முகம் காட்டாத நாய்கள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் அவன் வாய் சொல்லிற்று. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுடைய அண்ணன் ராசப்பன் எழுந்து, “எவன்டா எழுதுனது? ஆம்பளையா இருந்தா வந்து நிக்கட்டும்” என்றார். தாளில் இன்னும் ஐந்து வரி இருந்தது. கதிர்வேல் அதையும் படித்து முடித்தான். வழக்கம் அல்லவா.

முடித்துவிட்டுத் தாளை மடிக்காமலே சொன்னான். “நான்தானுங்க.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். “மேல இருக்கறது நான் எழுதுனது. கீழ முதல்ல இருக்கறதும் நான்தான். மத்தது நான் இல்லீங்க. ஆனா அழிச்சிருக்கலாம், அழிக்கலை.”

ராசப்பன் கைநீட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கதிர்வேலின் அப்பா மாரப்பன் கூட்டத்தை விட்டு எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார். ‘இங்கேயே பூமி வாய் திறந்தால் நல்லது’ என்று கதிர்வேல் நின்றான்.

அம்சவேணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “முட்டை வித்தது எந்த பால்வாடி அம்மான்னு அந்தக் கடைக்காரரைக் கேட்டியா?”

“கேக்கலீங்கக்கா.”

“முட்டை களவு போறது நெசந்தான். எனக்கே மாசாமாசம் பத்து இருபது கொறஞ்சுதான் வண்டியில வந்து எறங்குது. கணக்குல முழுசா வந்ததா எழுதச் சொல்றாங்க. மூணு வருசமா ஆருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கறேன்.” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உன்னயக் கூட்டி உக்காரவெச்சுச் சொல்லியிருப்பனே சாமி.”

அவள் அழுதாள். கதிர்வேலும் அழுதான். கூட்டம் அபராதம் எதுவும் போடவில்லை. அழித்துவிடு என்று சிலர் சொன்னார்கள். அழிக்கக் கூடாது என்றாள் அம்சவேணி. அழித்தால், சொல்லி அழிக்கவைத்துவிட்டாள் என்று நாளைக்குப் பேசுவார்களாம். அழுக்கை எடுத்துவிட்டு, எழுதியவன் யார், செய்த தப்பு என்ன என்று அதே இடத்தில் எழுத வேண்டும், அதைப் பிள்ளைகள் வராத ஒன்பது வீட்டிலும் போய்ப் படிக்க வேண்டும். இதுதான் அவள் கேட்டது.

லைன் வந்த அன்றே கதிர்வேல் எழுதினான். மாரப்பன் மகன் கதிர்வேல், நெல்லிக்கரை என்று கடையின் போன் நம்பரோடு போட்டான். அனானிகள் எழுதியதை எடுத்தான். தன்னுடைய அனானியை மட்டும் விட்டுவைத்து, இதை எழுதியது நானே, இது பொய் என்று அடியில் சேர்த்தான். வண்டியில் வந்து இறங்கும்போதே முட்டை குறைகிறது என்பதை அம்சவேணியின் சம்மதத்தோடு அவள் பெயரிலேயே எழுதினான். அதை முப்பத்தெட்டு பேர் படித்தார்கள். சென்னை நண்பர், உணர்ச்சிவசப்பட்டுவிட்டீர்கள் என்று எழுதினார்.

பிறகு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் நிற்கவைத்தே கேட்டார்கள். மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒன்பதாவது வீடு பாவாயியுடையது. காட்டில் தினை அறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

“நல்லாப் படிக்கறீங்க” என்றாள். “எம்பட ஊட்டுக்காரரு அந்தத் தாளைக் கொண்டாந்து படிச்சப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. கண்ணால பாத்த மாதிரியே.”

“அதுல பேரு இல்லீங்க. இதுல எம்பேரு போட்டிருக்கறனுங்க.”

“அது சரிங்க. அதையும் நீங்கதான் எழுதுனீங்க, இல்லைங்கறதையும் நீங்கதான் எழுதறீங்க. ரண்டுல எதை நான் நம்பறதுங்க?”

கதிர்வேல் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தாளை மடித்துக்கொண்டு இறங்கினான். பாவாயியின் பெண் அந்த வருஷம் முழுக்கப் பால்வாடிக்கு வரவில்லை.