வண்டும் காட்டாமணக்கும்

காண்டாமிருக வண்டையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் ஒப்பிடச் சொன்னால் என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம். முன்னது தென்னங்குருத்தைக் குடையும். பின்னது வாய்க்காலை அடைக்கும். வண்டுக்குக் கொம்பு உண்டு. காட்டாமணக்குக்கு ஒலிபெருக்கிக் குழல் மாதிரி ஊதாப் பூ உண்டு, ஆடு மாடு வாய் வைக்காது. எங்கள் வீட்டை இரண்டும் சேர்ந்து ஆட்டிவைத்தன.

நன்னிலம் பக்கம் ஒரு மிராசுதாரின் வயலை அப்பா குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். புது ஆட்சியில், குத்தகைக்காரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அப்பா பதிந்தார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று, வழக்கு தொடங்கியது.

வயலை ஒட்டி மிராசுதாரின் தென்னந்தோப்பு. தோப்புக்கு வேலியாக அவர் நட்ட காட்டாமணக்கு எங்கள் வாய்க்காலில் இறங்கி வேர்விட்டது. எங்கள் எருக்குழியில் பிறந்த வண்டு அவர் தென்னையில் ஏறியது. அவரவர் சனியன் அடுத்தவர் இடத்தில் வளர்ந்தது. நாங்கள் வேலியைத் தொட்டால் அவர் போலீசுக்குப் போவார். அவர் குழியைத் தொட்டால் நாங்கள் போவோம். வண்டு கறுப்பு, அப்பாவின் கட்சிக் கரைவேட்டியிலும் கறுப்பு இருந்ததால் மிராசுதாருக்கு அதன்மேல் கூடுதல் கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. இப்படியே விட்டால் அத்தனையும் பதராகிவிடும். அப்பா கோர்ட்டுக்குப் போயிருந்த அன்று அம்மா அரிவாளோடு, வாய்க்காலை அடைத்திருந்த வேலியில் இறங்கினாள். வெட்டிய கழிகளை நான் மேட்டில் இழுத்துப் போட்டேன். சத்தம் கேட்டு மிராசுதார் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டும்மா வெட்டுறே?"

"யாரையும் கேக்கலைங்க. நெல்லு காயுது. ஒங்க மரமும்தான் சாவுது. அந்தா இருக்கு எருக்குழி, போய்க் கிளறிக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் தன் தென்னைகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிப்பக்கம் நடந்தார்.

சாயங்காலம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வயலுக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. மிராசுதார் எங்கள் வயல் பக்கம் கால்வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி வந்திருந்தார் அப்பா. மிராசுதார் அப்போது எங்கள் எருவில் முழங்கால் புதைய நின்று, கொழுத்த வெள்ளை வண்டுப்புழுக்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. அப்பா அதைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், செருப்பைக் கழற்றினார்.

"ஓரத்துலதாங்க நெறைய இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவரும் குழியில் இறங்கினார்.